இரண்டாம் முறை கேட்கப்படாத கேள்வி: 1692ஆம் ஆண்டுச் சேலம் சூனிய வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

1692ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், வட அமெரிக்காவில் இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸில், 71 வயது மூதாட்டி ஒருவர் சூனியக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க அமர்த்தப்பட்ட குடிமக்களான ஜூரியினர் பன்னிருவரும் தனியே கூடி ஆராய்ந்து, அவர் மீது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த அமர்வு கலைவதற்கு முன்பே, சாட்சியம் ஒன்றுகூடப் புதிதாகச் சேராத நிலையில், அதே பன்னிருவர் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஜூலை 19ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

சேலம் வழக்குகள் என்று வரலாறு குறிப்பிடும் நிகழ்வுகளில் இது ஒன்று மட்டுமே. அந்த ஆண்டு அங்கே 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்காடச் சம்மதிக்காத முதியவர் ஒருவர் மார்பின்மேல் பாறைகள் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் தொகை 150ஐத் தாண்டியது. இத்தனை பேரில் இந்த மூதாட்டியின் வழக்கைத் தேர்ந்ததற்குக் காரணம், இதில் மட்டும்தான் நீதிமன்றம் ஒருமுறை சரியான இடத்துக்கு வந்து சேர்ந்து, பிறகு அங்கிருந்து திரும்பிச் சென்றது. பிழை எந்த நொடியில், எந்தக் கையால் நிகழ்ந்தது என்பதை இந்த வழக்கில் பார்ப்பதுபோல மற்றவற்றில் பார்க்க முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவரையும் சாட்டியவர்களையும் ஊராரையும் இங்கே பெயரால் குறிக்கவில்லை. பதவியில் இருந்து முடிவெடுத்தவர்களின் பெயர்கள் மட்டும் வருகின்றன. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சேலத்துக்கும் தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் விவிலியத்திலிருந்து எடுத்து வைத்த பெயர் அது; எபிரேயத்தில் அமைதியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது.

பின்னணி

சேலம் நகரத்தின் நிர்வாகத்துக்குட்பட்ட உழவர் குடியிருப்பே சேலம் கிராமம். இன்று அது டேன்வர்ஸ் என்று வழங்குகிறது. ஏறத்தாழ 500 பேர் வாழ்ந்த அந்த ஊரில் நில எல்லைத் தகராறுகளும், ஊர்ப் போதகருக்குச் சம்பளம் கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. 1691 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்க் குழு, போதகரின் சம்பளத்துக்கான வரியை வசூலிக்க மறுத்தது. மூதாட்டியின் கணவர் அந்தக் குழுவில் ஒருவர். மரத் தட்டுகளும் பாத்திரங்களும் செய்யும் கைவினைஞரான அவர், 1678இல் 300 ஏக்கர் பண்ணை ஒன்றைத் தவணை முறையில் வாங்கி, பிள்ளைகளோடும் மருமக்களோடும் உழைத்து முன்னுக்கு வந்தவர். எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அந்தத் தாய், தெய்வபக்தி மிக்கவர் என்று ஊரில் மதிக்கப்பட்டார். திருச்சபையின் முழு உறுப்பினர். வயதின் காரணமாகக் காது மந்தமாகியிருந்தது.

ஊருக்கு வெளியே இருந்த நிலைமை இதைவிட மோசம். குடியேற்றத்தின் பழைய அரச சாசனம் 1684இல் ரத்தானது. 1689 ஏப்ரலில், லண்டன் அனுப்பிய ஆளுநரை மக்கள் கிளர்ந்து அகற்றினார்கள். அதன்பின் மூன்றாண்டுகள் உறுதியான சட்ட அடிப்படை இல்லாத இடைக்கால ஆட்சியே நடந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரர்களோடும் அவர்களுடன் அணிசேர்ந்த பூர்வகுடிகளோடும் போர் மூண்டிருந்தது. எரிந்த ஊர்களிலிருந்து தப்பிய அனாதைப் பெண்கள் சிலர் சேலம் வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்தார்கள். அச்சம் இருந்தது, அதைத் தீர விசாரித்து அடக்கும் அதிகாரம் பெற்ற நீதிமன்றம் இல்லை.

தமிழில் சூனியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பில்லி, ஏவல், வைப்பு ஆகியவை: தகடு, முட்டை, பொம்மை எனக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள்கள். 1604ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் குற்றமாகக் கருதியது வேறு. தீய ஆவிகளோடு உடன்படிக்கை செய்து, அவற்றின் துணையால் பிறரை வதைப்பதே அந்தச் சட்டம் மரண தண்டனை விதித்த குற்றம். உடன்படிக்கை கண்ணுக்குத் தெரியாது, ஆவியும் தெரியாது. ஆகவே எதைக் கொண்டு அதை நிரூபிப்பது என்ற கேள்வி, நீதிபதிகள் முதலில் விடை காண வேண்டிய கேள்வியாக இருந்தது.

குற்றச்சாட்டு எழுந்த விதம்

1692 ஜனவரியில் போதகரின் வீட்டில் 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் வலிப்பு போன்ற தாக்குதல்கள் தொடங்கின. மருத்துவர் அதை உடல்நோயாகக் காணாமல் தீய கையின் வேலை என்றார். பிப்ரவரி 29இல் மூன்று பெண்கள் மீது பிடியாணை பிறந்தது. அவர்களில் ஒருவர் அந்த வீட்டின் அடிமைப் பெண். இன்னொருவர் பிச்சையெடுத்து வாழ்ந்தவர். மூன்றாமவர் நீண்டகாலமாகத் தேவாலயத்துக்கு வராதவர். மூவரையும் பற்றி ஊரில் ஏற்கெனவே நல்ல எண்ணம் இருந்ததில்லை. மார்ச் 1இல் அடிமைப் பெண் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். தன்னைப்போல் வேறு சிலரும் இருப்பதாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஊர் தேடத் தொடங்கியது.

மார்ச் நடுவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி வெளிறிய முகமுடைய ஒரு பெண்ணின் உருவத்தைக் கண்டதாகச் சொன்னாள். யாரென்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. சில நாள்களில் அந்த உருவம் மூதாட்டியின் பெயரைப் பெற்றது. அவளுடைய குடும்பத்துக்கும் மூதாட்டியின் பிறந்த வீட்டாருக்கும் இடையே நிலத்தகராறு இருந்தது. அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வீட்டுச் சிறுமிக்கு எந்த வீட்டுப் பெயர் வாயில் வந்தது என்பதை விசாரித்தவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

மூதாட்டி அப்போது எட்டு ஒன்பது நாளாக நோயில் படுத்திருந்தார். நண்பர்கள் நால்வர் போய்ச் செய்தியைச் சொன்னார்கள். அவர் சற்று நேரம் திகைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, பிறவாத குழந்தையைப் போலத் தான் குற்றமற்றவள் என்றும், முதுமையில் இத்தகைய துன்பத்தைக் கடவுள் தன்மேல் வைக்கும்படி தான் மனம் வருந்தாத பாவம் எதைக் கண்டாரோ என்றும் சொன்னார். அந்த நால்வரும் இதை எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார்கள். குற்றவாளியின் தந்திரம் எதையும் அவர்கள் அவரிடம் காணவில்லை.

முதல் விசாரணை

மார்ச் 24ஆம் நாள் கிராமத்து வழிபாட்டுக் கூடத்தில் நீதித்துறை நடுவர்கள் ஜான் ஹாதார்னும் ஜொனாதன் கார்வினும் அவரை விசாரித்தார்கள். அன்றைய குறிப்பு எஞ்சியிருக்கிறது. அதைப் படித்தால் மூன்று காட்சிகள் மனத்தைவிட்டு அகலுவதில்லை.

முதலாவது, குற்றம் சாட்டிய பெண்கள் அனைவரும் ஒரே கூடத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். மூதாட்டி கழுத்தைச் சாய்த்தால் அவர்களின் கழுத்தும் சாய்ந்தது. அவர் கையை அசைத்தால் அவர்களும் துடித்தார்கள். ஒருத்தி கதறினால் மற்றவர்களும் கதறினார்கள். இரண்டாவது, ஹாதார்ன் ஒரு கட்டத்தில் தயங்கினார். நித்திய பிதாவின் முன் தான் குற்றமற்றவள் என்று மூதாட்டி சொன்னபோது, அது மெய்யாக இருக்க வேண்டும் என்று விரும்பாதவர் இந்தக் கூட்டத்தில் எவரும் இல்லை என்றார். ஆயினும் அடுத்த அலறல் எழுந்ததும் அந்தத் தயக்கம் மறைந்தது. இத்தனை பேர் துன்புறும்போது உமது கண்கள் ஏன் ஈரமாகவில்லை என்று கேட்டார். சாத்தான் என் உருவத்தில் வரலாம், அதற்கு நான் என்ன செய்வேன் என்பதே அவரது பதில். அறிஞர்கள் மாதக்கணக்கில் வாதித்த பொருளை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

மூன்றாவதை நான் எல்லாவற்றிலும் கனமானதாகக் கருதுகிறேன். விசாரணைக் குறிப்பை எழுதியவர் கிராமத்துப் போதகர். குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருத்தி அவர் வீட்டில் வளர்ந்தவள். அவருடைய சம்பள வரியை மறுத்த குழுவில்தான் குற்றம் சாட்டப்பட்டவரின் கணவர் இருந்தார். பெருத்த கூச்சலினாலும் பலர் ஒரே நேரத்தில் பேசியதாலும் பல சொற்கள் விடுபட்டுள்ளன என்று அவரே குறிப்பின் இறுதியில் எழுதினார். காது மந்தமான ஒருவர், நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, எழுதுகிறவருக்கே கேட்காத கூச்சலுக்கிடையே, உயிருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவர்கள் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். பின்னர் தயாரான நான்கு குற்றப்பத்திரிகைகளும் குற்றம் நிகழ்ந்த நாளாகக் குறிப்பாகச் சுட்டியது இந்த மார்ச் 24ஐத்தான். அவர் கூடத்தில் அனைவர் முன்னிலையிலும் நின்றிருந்தபோது சிறுமிகள் துடித்ததே அவர் செய்த குற்றமாக எழுதப்பட்டது.

நீதிமன்றம் அமைந்த விதம்

புதிய சாசனத்தோடு ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் மே 14இல் பாஸ்டன் வந்து இறங்கியபோது சிறைகள் நிரம்பியிருந்தன. சாசனப்படி நீதிமன்றங்களை நிறுவும் பொறுப்பு சட்டமன்றத்துடையது. அது கூடும்வரை அவர் காத்திருக்கவில்லை. வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கென்றே ஓயர் அண்ட் டெர்மினர் என்னும் சிறப்பு நீதிமன்றத்தை மே 27இல் அமைத்தார். கைதிகள் கோடைக்காலச் சிறையில் விலங்கோடு கிடந்ததால் விரைவு தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒன்பது நீதிபதிகளில் முறையாகச் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர் எவரும் இல்லை. ஹாதார்ன், கார்வின் இருவரும் அவர்களுள் இருந்தார்கள். தாங்களே சிறைக்கு அனுப்பியவர்கள் மீது தாங்களே தீர்ப்பளிக்க அமர்ந்தார்கள்.

தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் இறையியல் பயின்றவர். குற்றமற்றவரின் உருவத்தை எடுக்கச் சாத்தானைக் கடவுள் அனுமதிப்பதில்லை என்பது அவர் நம்பிக்கை. இந்த ஒரு நம்பிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் தெரியும் உருவம் பற்றிய சாட்சியத்தை ஆவியுருச் சாட்சியம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். ஒரு சிறுமி ஒருவரின் உருவத்தைக் கண்டேன் என்றால், ஸ்டௌட்டனின் கொள்கைப்படி, அந்த உருவத்துக்கு உரியவர் சாத்தானுக்குச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாக நிரூபிப்பது பயன்படாது. ஏனெனில் வந்தது உடல் அன்று. பொய்யென்று காட்ட எந்த வழியும் இல்லாத சாட்சியம் அது.

ஜூன் 10இல் முதல் பெண் தூக்கிலிடப்பட்டபின், நீதிபதி நதானியேல் சால்டன்ஸ்டால் பதவி விலகினார். ஆளுநரின் கேள்விக்கு பாஸ்டன் பகுதிப் போதகர்கள் ஜூன் 15இல் பதில் எழுதினார்கள்: ஆவியுருச் சாட்சியத்தை மட்டும் நம்பக் கூடாது, மென்மையும் எச்சரிக்கையும் வேண்டும் என்றெல்லாம் பல பத்திகளில் சொல்லிவிட்டு, இறுதிப் பத்தியில் குற்றவாளிகளை விரைந்தும் உறுதியோடும் தண்டிக்கப் பரிந்துரைத்தார்கள். நீதிமன்றம் இறுதிப் பத்தியைப் பின்பற்றியது.

இரு பக்கச் சாட்சியங்கள்

ஜூன் 2இல் பெண்கள் குழு ஒன்று மூதாட்டியின் உடலைச் சோதித்து, இயற்கைக்கு மாறான ஒரு தசை வளர்ச்சியைக் கண்டதாகச் சொன்னது. அன்றே மாலை மறுபடி பார்த்தபோது உலர்ந்த தோலைத் தவிர எதுவும் இல்லை. சோதித்தவர்களில் மூத்தவரும் அனுபவம் மிக்கவருமான பெண் மற்றவர்களோடு உடன்படவில்லை என்றும், வேறு திறமையான பெண்களைக் கொண்டு மீண்டும் சோதிக்க வேண்டும் என்றும் மூதாட்டி ஜூன் 28இல் மனுச் செய்தார்.

விதவை ஒருத்தி, தங்கள் பன்றிகள் மூதாட்டியின் வயலில் புகுந்ததற்காக அவர் கடிந்துகொண்டார் என்றும், அதன்பின் தன் கணவர் நோயுற்று இறந்தார் என்றும் சாட்சி சொன்னாள். பயிரில் பன்றி புகுந்தால் கோபப்படாத உழவர் வீடு எங்கும் கிடையாது. அந்தக் கோபம் மூன்றாண்டுகளுக்குப் பிறகு கொலைக்குச் சான்றாக நின்றது.

எதிர்ப்பக்கச் சாட்சியங்கள் பலமானவை. அவருக்கு ஆதரவாக 39 அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்டார்கள். குற்றம் சாட்டிய குடும்பத்தின் உறவினர்களே அவர்களுள் இருந்தார்கள். மூதாட்டியால் கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட இருவரில் ஒருத்திக்குப் பெற்றோரும் மற்றவருக்கு மாமனார் மாமியாருமான தம்பதியர், அந்த இருவரும் கடும் காய்ச்சலால் இறந்ததைத் தாங்கள் அறிவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூதாட்டியின் குடும்பத்துப் பெண் ஒருவர், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, வலிப்பு வந்ததாக நடித்த ஒருத்தி தன் உடையிலிருந்து குண்டூசிகளை எடுத்து விரலிடுக்கில் வைத்து முழங்காலைப் பற்றிக்கொண்டு, மூதாட்டி குத்துகிறாள் என்று கூவியதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார். அதே அமர்வில் நடந்த வேறொரு பெண்ணின் வழக்கில், ஆவியுரு தன்னைக் கத்தியால் குத்தியது என்று ஒருத்தி உடைந்த முனையைக் காட்டினாள். அது தன்னுடைய கத்தி என்றும் முந்தைய நாள் அவள் எதிரிலேயே உடைந்து எறிந்தது என்றும் இளைஞன் ஒருவன் எழுந்து மீதித் துண்டைக் காட்டினான். நீதிபதிகள் அவளைப் பொய் சொல்லாதே என்று எச்சரித்துவிட்டு, தொடர்ந்து சாட்சி சொல்ல விட்டார்கள்.

மூதாட்டிக்கு வழக்கறிஞர் இல்லை. அக்கால ஆங்கிலச் சட்டத்தில் பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் சார்பாக வழக்கறிஞர் வாதாடும் உரிமை கிடையாது; சத்தியம் செய்து சாட்சி சொல்லவும் அவருக்கு இடமில்லை. நீதிபதியே கைதிக்கு வழக்கறிஞர் என்பது கோட்பாடு.

ஒரு தீர்ப்பும் அதன் மறுப்பும்

ஜூரியினர் வெளியே சென்று, திரும்பி வந்து, குற்றமில்லை என்றார்கள். உடனே குற்றம் சாட்டிய பெண்கள் அனைவரும் பயங்கரமாக அலறினார்கள். நீதிபதிகளில் ஒருவர் தமக்குத் திருப்தியில்லை என்றார். இன்னொருவர் புதிதாகக் குற்றம் சாட்டப்போவதாகச் சொல்லியபடி எழுந்தார். ஸ்டௌட்டன், தாம் ஜூரியை நிர்ப்பந்திக்க விரும்பவில்லை என்று தொடங்கினார். பிறகு, கைதி கூறிய ஒரு சொல்லை அவர்கள் நன்கு சிந்தித்தார்களா என்று கேட்டார்.

அந்தச் சொல் வந்த சூழல் இது. சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்ட கைதி ஒருத்தி சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்டபோது, மூதாட்டி அவள் பக்கம் திரும்பி, இவளையா கொண்டு வருகிறீர்கள், இவள் எங்களில் ஒருத்தியல்லவா என்ற பொருளில் ஏதோ சொன்னார். எங்களில் என்றால் சூனியக்காரிகளில் என்று நீதிபதி பொருள் கொண்டார்.

ஜூரியினர் மறுபடி வெளியே சென்றார்கள். அப்போதும் அவர்களால் ஒருமனதாகக் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. ஆகவே மீண்டும் உள்ளே வந்து, ஜூரித் தலைவர் அந்தச் சொல்லின் பொருளை மூதாட்டியிடமே கேட்டார். அவர் கைதிக் கூண்டில் நின்றபடி பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் கேட்டபின் தாம் அந்தச் சொற்களைத் தண்டனைக்குரிய சான்றாக ஏற்றதாக ஜூரித் தலைவர் ஜூலை 4இல் எழுத்தில் கொடுத்தார். ஜூரி மூன்றாவது முறை கூடியபோது தீர்ப்பு மாறியிருந்தது.

தன் மௌனம் எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதைத் தீர்ப்புக்குப் பின் அறிந்த மூதாட்டி, நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். எங்களில் ஒருத்தி என்றது தங்களோடு சிறையில் இருந்த சக கைதி என்ற பொருளில்தான். சக கைதியின் சாட்சியம் சட்டப்படி செல்லாது என்று நான் அப்போதும் எண்ணினேன், இப்போதும் எண்ணுகிறேன். காது மந்தமாகவும் மனம் துயரத்தால் நிறைந்தும் இருந்ததால் கேட்கப்பட்டதை அறியவில்லை. என் சொல்லை நீதிமன்றம் எப்படிப் புரிந்துகொண்டது என்று யாரும் எனக்குத் தெரிவிக்காததால் விளக்கும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. இவ்வளவே அந்த அறிக்கை. இதில் நம்ப முடியாத ஒரு சொல்கூட இல்லை.

ஸ்டௌட்டனின் முடிவுக்குக் காரணம் தீய எண்ணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. சாத்தான் தம் நாட்டின்மீது படையெடுத்திருக்கிறான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவருடைய பிழை அந்த நம்பிக்கையை ஜூரியின் தீர்ப்புக்கு மேலே வைத்ததில் இருக்கிறது. இரு பொருள் தரும் ஒரு சொல்லை, சொன்ன கணத்தில் விளக்கம் கேட்காமல் விட்டுவிட்டு, விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகு எடுத்துக் காட்டினார்.

ஆளுநரும் திருச்சபையும்

ஜூலை 3, ஞாயிறு அன்று சேலம் நகரத் திருச்சபை அவரைத் தன் உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது. மீட்பே இல்லாத நரகத்துக்கு ஒப்படைப்பதாக அவர் நம்பிய சடங்கு அது. கயிற்றைவிட அது அவரை அதிகம் வருத்தியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

குடும்பத்தார் ஜூரித் தலைவரின் கடிதத்தையும் மூதாட்டியின் அறிக்கையையும் திரட்டியபின், ஆளுநர் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார். குற்றம் சாட்டிய பெண்கள் மறுபடி அலறத் தொடங்கினார்கள். சேலத்துப் பெரியவர்கள் சிலர் ஆளுநரை வற்புறுத்தினார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 19இல் மற்ற நான்கு பெண்களோடு அவர் தூக்கிலிடப்பட்டார். பிள்ளைகள் இரவோடு இரவாக உடலை எடுத்துவந்து பண்ணையில் புதைத்தார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பின்விளைவுகள்

அவருடைய தங்கைகள் இருவரும் கைதானார்கள். ஒருவர் தப்பினார். மற்றவர் செப்டம்பர் 22இல், அந்தக் கோடையின் கடைசி எட்டுப் பேரில் ஒருவராகத் தூக்கிலிடப்பட்டார். ஒப்புக்கொண்டவர்கள் தண்டனைக்கு அனுப்பப்படாமல் சாட்சிகளாக வைத்துக்கொள்ளப்பட்டார்கள்; மறுத்தவர்கள் இறந்தார்கள். பொய் சொன்னால் உயிர், மெய் சொன்னால் கயிறு என்ற நிலை உருவானபின் ஒப்புதல் வாக்குமூலங்கள் பெருகியதில் வியப்பில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ஹார்வர்டின் தலைவர் இன்கிரீஸ் மாதர், குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரர்கள் தப்பிப் போவது மேல் என்று போதகர்கள் முன்னிலையில் வெளிப்படையாகச் சொன்னார். மாத இறுதியில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார்.

1697 ஜனவரி 14ஐ மாகாணம் முழுவதும் உபவாச நாளாகக் கடைப்பிடித்தது. அன்று நீதிபதி சாமுவேல் சூவல், பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நிற்க, பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக அவர் எழுதிய அறிக்கையைப் போதகர் படித்தார். அதே காலத்தில் அந்த ஜூரித் தலைவரும் பதினொரு ஜூரர்களும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள். 1706இல், முதலில் உருவத்தைக் கண்டதாகச் சொன்ன சிறுமி, இப்போது 26 வயதுப் பெண்ணாக, மூதாட்டியையும் தங்கைகளையும் குறிப்பிட்டுச் சபையில் மன்னிப்பு வேண்டினாள். தான் சாத்தானால் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னாள். ஸ்டௌட்டன் 1701இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார், வருத்தம் தெரிவிக்கவில்லை.

1710இல் மூதாட்டியின் மகன் இழப்பீட்டுக் குழுவுக்கு எழுதிய மனுவில், 40 பவுண்டுகூடத் தன் இழப்பை ஈடுசெய்யாது என்றும், தாயின் மேலுள்ள தீர்ப்பின் களங்கம் நீங்குமானால் 25 பவுண்டே போதும் என்றும் கேட்டார். 1711இல் சட்டமன்றம் 22 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்தது; மொத்த இழப்பீடு 578 பவுண்டு 12 ஷில்லிங், அதில் இந்தக் குடும்பத்துக்கு 25 பவுண்டு. 1712 மார்ச்சில் திருச்சபை தன் நீக்க உத்தரவை ஏட்டிலிருந்து அழித்தது. தூக்கு நிறைவேறிய இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ் என்று 2016இல் உறுதி செய்யப்பட்டது. தண்டனை பெற்றவர்களில் கடைசிப் பெயர் 2022இல்தான் சட்டப்படி விடுவிக்கப்பட்டது.

மாறியிருக்க வேண்டியவை

அக்கால மக்கள் சூனியத்தை நம்பினார்கள், ஆகவே வேறுவிதமாக நடந்திருக்க முடியாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதை மறுப்பது 1693 ஜனவரியில் நடந்த விசாரணை. புதிதாக அமைந்த உயர்நீதிமன்றத்தில் தலைவராக ஸ்டௌட்டனே இருந்தார், சூனியம் இன்னும் மரண தண்டனைக் குற்றமாகவே இருந்தது, மக்களும் அவர்களே. ஆவியுருச் சாட்சியம் மட்டும் விலக்கப்பட்டது. விசாரிக்கப்பட்ட 52 பேரில் மூவரைத் தவிர அனைவரும் விடுதலையானதாக ஆளுநர் லண்டனுக்கு எழுதினார். அந்த மூவரையும், முன்பே தண்டனை பெற்றுக் காத்திருந்த ஐவரையும் தூக்கிலிட ஸ்டௌட்டன் ஆணை எழுதியபோது ஆளுநர் தடுத்தார். ஸ்டௌட்டன் கோபத்தோடு நீதிமன்றத்தைவிட்டு வெளியேறினார்.

சாட்சிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது இன்றைய அறிவு மட்டும் அன்று. மூதாட்டியின் தங்கை சாகுமுன் சிறையிலிருந்து எழுதிய மனுவில் அதைத்தான் கேட்டார். தன் உயிருக்காக மன்றாடவில்லை, தான் சாவது உறுதி என்று தெரியும் என்றார். இனிமேல் குற்றமற்ற இரத்தம் சிந்தாதிருக்க, வதைக்கப்படுவதாகச் சொல்பவர்களைக் கண்டிப்பாக விசாரித்துச் சில காலம் தனித்தனியே வைக்கும்படியும், ஒப்புக்கொண்டவர்களில் சிலரையும் சோதிக்கும்படியும் வேண்டினார். ஒருத்தி துடிப்பதை மற்றவள் பார்க்க முடியாத நிலையில் மார்ச் 24இல் விசாரித்திருந்தால், கழுத்துகள் ஒன்றாகச் சாய்ந்திருக்காது.

சிறைக்கு அனுப்பிய நடுவர்களும் வழக்கில் தொடர்புடைய போதகரும் பின்னைய கட்டங்களிலிருந்து விலகியிருக்க வேண்டும். குண்டூசியும் கத்தியும் வெளிப்பட்ட நாளிலேயே அந்தச் சாட்சிகளின் பழைய வாக்குமூலங்கள் அனைத்தையும் மறுபடி ஆராய்ந்திருக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு வந்தபின் அதைத் திரும்பச் சிந்திக்கும்படி நீதிபதி கேட்பது அக்கால வழக்கத்துக்கு முற்றிலும் அயலானது அன்று. அதனாலேயே அதற்கு எல்லை கட்டப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, கைதிக் கூண்டில் நின்றவருக்குக் காது மந்தம் என்பது மன்றத்தில் அறியாத செய்தியாக இருந்திருக்க முடியாது; மூன்று மாதத்துக்கு முன்பு அவரை விசாரித்தவர்களே அங்கே அமர்ந்திருந்தார்கள். ஜூரித் தலைவர் கேட்டதும் பதில் வராதபோது, யாரேனும் ஒருவர் அவர் அருகில் சென்று, அந்தச் சொல் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து, உரக்க இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் எழுதிக் கொடுத்த அந்தச் சில வரிகளை அங்கேயே வாயால் சொல்லியிருப்பார். ஜூரியினர் மூன்றாம் முறை வெளியே செல்லும்போது அந்தப் பதில் அவர்களிடம் இருந்திருக்கும்.